ஒன்பதாம் நம்பர் முயலின் ரத்தம்

ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில் அவளை ஜெல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெல் ஓட்டுகிற அக்கா. அதற்கு முன்னால் அவள் பாட்டில் கழுவுகிற அம்மா. அதற்கும் முன்னால் டிரைவர் பெண்டாட்டி. அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதையும் குமாஸ்தா ஒரு எழுத்தைத் தப்பாகத்தான் எழுதி வைத்திருந்தார்.

புருஷன் நிலையத்தின் வேனை ஓட்டியவன். ஒரு நாள் மத்தியானம் பேராசிரியரின் விருந்தாளி ஒருவரை ரயிலடியிலிருந்து கூட்டி வந்தான். வாசலில் நிறுத்தினான், ஹேண்ட் பிரேக்கை இழுத்தான், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான். அவ்வளவுதான். இரங்கல் கூட்டத்தில் பேராசிரியர், "வண்டியை நிறுத்திவிட்டுத்தான் செத்தான், அவ்வளவு பொறுப்பானவன்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். ஒரு வாரம் கழித்து அவரே சிபாரிசு செய்து அவளைப் பாட்டில் கழுவுகிற வேலைக்குச் சேர்த்துவிட்டார். தற்காலிக வேலை. ஆனால் டிரைவர் குவார்ட்டர்ஸில், ஒரு அறையும் ஒரு சமையல் மூலையுமான அந்த வீட்டில், அவளும் மாமியாரும் தொடர்ந்து இருந்துகொள்ளலாம் என்றார்கள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. பன்னிரண்டாவது வரை படித்தவள்.

மூன்று வருஷம் தொட்டியடியில் நின்று கழுவினாள். கை கழுவியது, கண் மட்டும் பின்னால் மேஜையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. செல்களை உடைத்து, உள்ளே இருக்கிற புரதங்களை ஒரு கூழ்ப்பலகையில் ஊற்றி, மின்சாரம் விட்டால், சின்னது வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். அந்தக் கூழ்தான் ஜெல். ஓடி நின்ற வரிசையை அப்படியே ஒரு வெள்ளைத் தாளுக்கு மாற்றி, தேடுகிற புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்கிற மருந்தை அதன்மேல் விட்டு, இருட்டறையில் பிலிமில் பதித்தால், அந்தப் புரதம் இருக்கிற இடத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். வேலை செய்துகொண்டிருந்த டெக்னீஷியன் ஒரு நாள் கோபித்துக்கொண்டு பாதியில் போய்விட்டார். ஓட்டத் தயாராக ஜெல் கிடக்கிறது, ஆள் இல்லை. நான் பண்ணட்டுமா சார் என்று இவள் கேட்டாள். பேராசிரியர் சிரித்தார். சாயங்காலம் பிலிமைப் பார்த்தபோது அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் ஜெல்லக்கா. வேலை மாறியது, காகிதத்தில் மட்டும் பாட்டில் கழுவுகிற தற்காலிக ஆளாகவே இருந்தாள்.

பேராசிரியர் தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு புரதத்தை. செல் இரண்டாகப் பிரியத் தயாராகும்போது மட்டும் அது தலைகாட்டும். பிரிந்து முடிந்ததும் ஆளைக் காணாது. விருந்து நேரத்துக்கு மட்டும் வருகிற சொந்தக்காரன் மாதிரி. அதைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு ஆன்டிபாடி வேண்டும். அந்தப் புரதத்தின் துண்டை முயலுக்கு ஊசியில் போட்டால், முயலின் ரத்தம் அதை எதிரியாக நினைத்து, அதை மட்டும் கவ்விக்கொள்கிற பொருளை உண்டாக்கும். அதுதான் ஆன்டிபாடி. ரத்தத்தைத் தெளியவைத்து மேலே நிற்கிற சீரத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

எட்டு முயல்கள் தோற்றன. தோற்ற முயலுக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. ஒன்பதாவது முயல் வெள்ளை. இடது காது நுனியில் ஒரு கிழிசல். ஊசி போடுவதற்கு முன்னால் கொஞ்சம் ரத்தம் எடுத்துத் தனியாக வைக்க வேண்டும், அதில் கோடு விழக் கூடாது, அப்போதுதான் பின்னால் விழுகிற கோடு ஊசியால் வந்தது என்று நம்பலாம். அந்த டியூப்பின்மேல் 'முன்' என்று ஜெல்லக்காதான் எழுதினாள்.

இரண்டு மாதத்தில் ஒன்பதாம் நம்பரின் சீரத்தில் கோடு விழுந்தது. பிளேடால் கீறினது போலச் சுத்தமான கோடு. பேராசிரியர் மாணவர்களின் தோளையெல்லாம் தட்டினார். அந்த வாரமே அவள், செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்வோமே என்று, 'முன்' டியூப்பையும் ஓட்டிப் பார்த்தாள். அதிலும் கோடு. அதே உயரம், அதே கறுப்பு. அப்படியென்றால் அந்தக் கோட்டுக்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. முயலின் ரத்தம் பிறவியிலேயே வேறு எதையோ கவ்விக்கொண்டிருக்கிறது.

பிலிமை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"டியூப்பை மாத்திட்ட" என்றார்.

"இல்ல சார், நானேதான் எழுதினேன், நானேதான் எடுத்தேன்."

"நீயேதான் மாத்தியிருக்க. அதைத்தான் நானும் சொல்றேன்."

பிலிமை இரண்டாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அந்த டியூப்பையும் கொட்டிவிடச் சொன்னார். கொட்டிவிட்டாள். அவர் இருபது வருஷம் படித்தவர், இவள் மூன்று வருஷம் பாட்டில் கழுவினவள். அவர் மாறிப்போச்சு என்றால் மாறித்தான் போயிருக்கும். அதை முழுசாக நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. நம்பாமல் இருப்பதற்கு அவளிடம் இடம் இருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அந்த முயலை இரண்டு வருஷம் வைத்திருந்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை காது நரம்பில் ரத்தம். தீனி வைக்கிறவள் இவள்தான், பிடித்துக்கொள்கிறவளும் இவள்தான். இவள் காலடிச் சத்தம் கேட்டால் அது கூண்டின் முன்பக்கம் வந்து நிற்கும். தீனிக்கா ரத்தத்துக்கா என்று அதற்குத் தெரியாது. பிறகு, வயசாகிறது, சீரத்தின் வீரியம் இறங்குவதற்குள் மிச்சத்தையும் எடுத்துவிடலாம் என்று பேராசிரியர் முடிவு செய்தார். மயக்க மருந்து கொடுத்து இதயத்தில் ஊசி இறக்கி மொத்தத்தையும் உறிஞ்ச வேண்டும். அன்றைக்கு மருந்துக் குப்பியின் அடியில் கொஞ்சம் மட்டுமே இருந்தது. வேறு குப்பி வரும்வரை பொறுக்கலாமா என்று மாணவன் ஒருவன் கேட்டான். "இருக்கிறதைப் போடு" என்றார் பேராசிரியர்.

முயல் கத்தாத பிராணி என்பார்கள். அன்றைக்கு அது கத்தியது, கைக்குழந்தை போல, ஒரே ஒரு தடவை. பின்னங்கால்களைப் பிடித்திருந்தவள் ஜெல்லக்கா. ஒரு டம்ளர் ரத்தம் தேறியது. அதைத் தெளியவைத்து நூற்றுக்கணக்கான சின்ன டியூப்களில் சொட்டுச் சொட்டாகப் பிரித்து, கல்லாக உறைய வைக்கிற பெரிய ஃப்ரீசரில் அடுக்கினாள். சாவியை அவளிடமே கொடுத்தார்கள்.

அன்று வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமியார் தட்டைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "என் மகன் போனப்ப மூணாம் நாளே தட்டை வழிச்சுச் சாப்பிட்டவ நீ" என்றாள். "முயல் கொடுத்துவச்சது."

அடுத்த பதினோரு வருஷம் அந்தச் சீரம் பேராசிரியரைத் தூக்கிக்கொண்டு போனது. ஒன்பதாம் நம்பர் என்றால் அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். பல ஊர் ஆய்வகங்கள் கடிதம் எழுதிக் கேட்கும். கண்ணுக்கு மருந்து விடுவது போல இரண்டு சொட்டு அனுப்புவார், கட்டுரையில் தன் பெயரைச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர் அறையில் பட்டயங்கள் மாட்டச் சுவர் போதவில்லை. எல்லாக் கட்டுரையிலும் இருந்த கோடுகள் ஜெல்லக்கா ஓட்டியவை. ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. அவளுக்கு அது குறையாகத் தோன்றியதும் இல்லை, அந்தப் பெண் வருகிற வரை.

அந்தப் பெண் ஆராய்ச்சி மாணவி. எதைச் சொன்னாலும் எதுக்கு என்று கேட்பாள், அதனால் மற்றவர்கள் அவளுக்கு 'எதுக்கு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வந்த மூன்றாம் நாளே ஜெல்லக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அந்த மாடியில் படித்தவர்கள் யாரும் அதுவரை அப்படிச் செய்ததில்லை. செய்கிற சோதனையை நோட்டில் தேதியோடு எழுதி, செய்தவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும், நீங்களும் போடுங்க அக்கா என்று பழக்கிவிட்டாள். ஒரு தடவை பேராசிரியரிடமே போய், கட்டுரையில் அக்கா பெயரையும் சேர்க்கலாமே என்று கேட்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அடுப்பு பேரைப் போட்டா சமையல்காரன் எங்க போவான்?" என்றார். அதை அவள் வந்து சொன்னபோது ஜெல்லக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு இருட்டறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெறுமனே நின்றாள்.

நான்காவது வருஷம் அந்தப் பெண் ஒரு வேலை செய்தாள். அந்தப் புரதத்தை உண்டாக்குகிற மரபணுவையே வெட்டி எடுத்துவிட்டுச் செல்களை வளர்த்தாள். இப்போது அந்தச் செல்களில் புரதம் இருக்க வழியே இல்லை. வீடே இல்லாத இடத்தில் விளக்கு எரியக் கூடாது. ஆனால் ஒன்பதாம் நம்பர் சீரத்தை விட்டால், அதே இடத்தில் அதே கோடு. மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் விழுந்தது. தன் கைமேலேயே சந்தேகப்பட்டு, "அக்கா, நாலாவது தடவை நீங்க ஓட்டுங்க" என்றாள்.

ஜெல்லக்கா ஓட்டினாள். இருட்டறையில் பிலிம் திரவத்துக்குள் மெல்லக் கறுத்தபோது, கொட்டிவிட்ட அந்த 'முன்' டியூப் அவள் கண்முன் நின்றது. பிலிமைக் கழுவிக் காயப் போட்டாள். நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தப் பெண் பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் கத்தவில்லை. நல்ல கேள்வி, பார்க்கலாம் என்றார். பத்து நாளில், முடிவுகளைத் திரித்ததாக அந்தப் பெண்ணின்மேல் புகார் போனது. விசாரிக்க மூன்று பேர் கொண்ட கமிட்டி போட்டார்கள்.

கமிட்டிக்கு இரண்டு நாள் முன்னால் பேராசிரியர் ஜெல்லக்காவைக் கூப்பிட்டார். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். மேஜையில் அவளுடைய ஃபைல் இருந்தது. வேலையை நிரந்தரமாக்குகிற உத்தரவு தயாராக இருக்கிறது, கையெழுத்துத்தான் பாக்கி என்றார். நிரந்தரமில்லாதவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்று புதிதாக ஒரு பேச்சு ஓடுவதையும் சொன்னார்.

"நீ எங்க நின்னுக்கிட்டிருந்தேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். "உனக்கு இருக்கா?"

"இருக்கு சார்."

"அந்த நோட்டு யார்கிட்ட இருக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். கிழி என்று சொல்லவில்லை. சொல்கிற ஆளாக இருந்தால் அவர் அந்த நாற்காலிக்கே வந்திருக்க மாட்டார்.

வீட்டில் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேறு யாரிடம் சொல்வது? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறது அத்தை என்றாள். மாமியார் கட்டிலில் படுத்தபடியே கேட்டாள். "சொல்லு. சொல்லிட்டு என்னை எந்த மரத்தடியில போடப்போறேன்னு அதையும் சேர்த்துச் சொல்லு."

மறுநாள் அந்தப் பெண் நூலகத்துக்குப் போயிருந்த நேரம், அவளுடைய அலமாரியை ஜெல்லக்கா திறந்தாள். தொலைந்தால் இருக்கட்டும் என்று மாற்றுச் சாவியை அந்தப் பெண்தான் இவளிடம் கொடுத்து வைத்திருந்தாள். நாலாவது சோதனையின் பக்கத்தை, நோட்டைத் தைத்த நூலை ஒட்டிக் கிழித்தாள். நல்ல கை அவளுக்கு. பிசிறே தெரியவில்லை.

கமிட்டி அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் மூன்று பேர், எதிரே அந்தப் பெண், ஓரமாகப் பேராசிரியர். நாலாவது தடவை ஓட்டியது அக்காதான், நோட்டில் கையெழுத்து இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்லி, நோட்டைத் திறந்து புரட்டினாள். மறுபடி புரட்டினாள். பக்க எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு புரட்டுவதை நிறுத்திக்கொண்டாள்.

கமிட்டியின் தலைவர் ஜெல்லக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க ஓட்டினீங்களா?"

"இல்லைங்க."

"அந்தப் பொண்ணு வேலை எப்படி?"

இதற்குப் பேராசிரியர் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் வாயிலிருந்து தானாகவே வந்தது. "டியூப்ல பேர் எழுதுறதுல அவளுக்கு எப்பவுமே கவனம் பத்தாது. மாத்திடுவா."

"அக்கா" என்றாள் அந்தப் பெண்.

ஒரு மாதத்தில் அந்தப் பெண்ணை நீக்கினார்கள். பொய் முடிவு காட்டியவள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தோடு வேறெந்த ஆய்வகமும் அவளைச் சேர்க்காது. நான்கு வருஷ உழைப்பை ஒரு அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு, அலமாரிச் சாவியைக் கொடுக்க ஜெல்லக்காவிடம் வந்தாள். அழுது முடித்த முகம்.

"நாலாவது பிலிமை அவங்க கையில வச்சுப் பார்த்தாங்க" என்றாள். "அவ்வளவு சுத்தமா எனக்கு ஓட்ட வராது. இந்த மாடியில ஒரே ஒருத்தருக்குத்தான் வரும். அது அந்த மூணு பேருக்கும் தெரியும். உங்களை நம்பி என்னை அனுப்பல. நீங்க அவங்களுக்குத் தேவைப்பட்டீங்க, அவ்வளவுதான்."

ஜெல்லக்கா சாவியை வாங்கிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாச்சா என்று கேட்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு வந்த வார்த்தை அதுதான்.

நிரந்தர உத்தரவு சொன்னபடி வந்தது. பேராசிரியர் வாக்குத் தவறாதவர். அதே வாரம், ஃப்ரீசர் சாவியைப் புது டெக்னீஷியனிடம் ஒப்படைக்கச் சொன்னார். எஜமானுக்காகப் பொய் சொன்னவள், நாளைக்கு வேறொருவருக்காக உண்மையும் சொல்லக்கூடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். "காகிதத்துல நீ பாட்டில் கழுவுற வேலைதானே? அதைத்தான் நிரந்தரமாக்கியிருக்கு" என்றார். "கை மறந்திருக்காது."

மறக்கவில்லை. ஆறு வருஷம் மறுபடி தொட்டியடியில் நின்றாள். பின்னால் மேஜையில் புதுப் பையன்கள் ஓட்டுகிற ஜெல் கோணல்மாணலாக ஓடுவது அவர்கள் சலித்துக்கொள்கிற சத்தத்திலேயே தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டாள். யாரும் பக்கத்தில் வந்து சாப்பிடுவதில்லை. நடந்ததை வாய்விட்டுப் பேசாவிட்டாலும் மாடி முழுக்கத் தெரியும். மாணவர்கள் தங்கள் அலமாரிகளுக்கு எண் பூட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

ஏழாவது வருஷம், எங்கோ ஒரு ஆய்வகம் அந்தப் பெண் செய்த சோதனையையே செய்து, ஒன்பதாம் நம்பர் பிடிப்பது அந்தப் புரதத்தையே அல்ல என்று அச்சில் போட்டுவிட்டது. அடுத்தடுத்து இரண்டு ஆய்வகங்கள் ஆமாம் என்றன. பேராசிரியர் ஓய்வுபெற்று மாலை மரியாதையெல்லாம் முடிந்திருந்த நேரம். கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாக அவர் பத்திரிகைக்கு எழுதினார். ஆரம்ப காலச் சோதனைகளைச் செய்த உதவியாளர் டியூப்களைக் குழப்பியதால் நேர்ந்த பிழை என்று காரணம் காட்டி, அந்த உதவியாளரின் முழுப் பெயரையும் எழுதியிருந்தார். நிலையத்தில் யாரோ அதை அச்செடுத்துத் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினார்கள். ஜெல்லக்கா ஈரக் கையோடு நின்று படித்தாள். பெயரில் எழுத்துப் பிழை இல்லை.

புது கமிட்டி, அதே நீள மேஜை. இந்தத் தடவை அவள் எல்லாவற்றையும் சொன்னாள். 'முன்' டியூப், மடித்துப் போட்ட பிலிம், நாலாவது ஓட்டம், கிழித்த பக்கம், டீ. அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள். வாழ்நாளில் அவள் அவ்வளவு நேரம் பேசியதில்லை. அவர்கள் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு அம்மாள் பழைய கோப்பைத் திறந்தார்.

"அன்னைக்கு வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே?"

"அன்னைக்குச் சொன்னது பொய்ங்க."

"இன்னைக்குச் சொல்றது?"

காட்டுவதற்கு அவளிடம் அந்த 'முன்' டியூப் இல்லை, அதன் பிலிம் இல்லை. கிழித்த பக்கம் ஒன்று இருந்தது. அதை அவள் எரித்திருந்தாள்.

வேலை போனது. வேலையோடு வீடும் போனது. சாமான்களை ஒரு சின்ன லாரியில் ஏற்றி, மாமியாரைக் கட்டிலோடு தூக்கி நடுவில் வைத்தார்கள். ஊர்க் கோடியில், சாய்ப்புக் கூரை போட்ட ஒற்றை அறை கிடைத்திருந்தது. இறங்குகிற சமயத்தில் மாமியார் சொன்னாள்: "அப்பவே உண்மையைச் சொல்லித் தொலைச்சிருந்தா வீடு மட்டும்தான் போயிருக்கும். மானமாவது மிஞ்சியிருக்கும். உனக்கு எப்பவுமே சொந்தப் புத்தி கிடையாது."

ஜெல்லக்கா கட்டிலின் ஒரு காலைப் பிடித்து உள்ளே நகர்த்தினாள்.

ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கடையில் வேலை கிடைத்தது. அந்தப் பெண் தூரத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுப்பதாகக் கேள்விப்பட்டாள். மூன்று கடிதம் எழுதி இரண்டைக் கிழித்து, மூன்றாவதை அனுப்பினாள். மன்னிப்பெல்லாம் கேட்டு நீளமான கடிதம். பதில் இரண்டே வரியில் வந்தது. மன்னிப்பு வேண்டாம், புது கமிட்டியில் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், என்மேல் போட்ட தண்டனையை நீக்கச் சொல்லி மனு கொடுக்கப் போகிறேன் என்று. கீழே பெயர் மட்டும். ஜெல்லக்கா அன்றைக்கே எட்டுப் பக்கம் எழுதினாள். பக்கத்துக்குப் பக்கம் தேதி போட்டாள், கையெழுத்துப் போட்டாள், பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

ஐந்து மாதம் கழித்து நிலையத்திலிருந்து உறை வந்தது. அந்தப் பெண்ணுக்கு அனுப்பிய உத்தரவின் நகல். மனு தள்ளுபடி. முடிவு பின்னால் சரியென்று ஆனது வேறு விஷயம், அன்றைக்கு அந்தச் சோதனையை உண்மையாகச் செய்ததற்கு ஆதாரம் ஒரே ஒரு வாக்குமூலம், அதைக் கொடுத்தவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசியவர், நம்பத் தகாதவர் என்று எழுதியிருந்தது. அந்தப் பெண்ணிடமிருந்து அப்புறம் ஒரு வரியும் வரவில்லை.

"என்ன போட்டிருக்கு?" என்று மாமியார் கட்டிலிலிருந்து கேட்டாள்.

"நான் பொய் சொல்றவளாம் அத்தை."

மாமியார் சற்று யோசித்தாள். "அப்ப சொன்னதுலயா, இப்ப சொன்னதுலயா?"

"ரெண்டுலயும்."

மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஜெல்லக்கா காகிதத்தை உறைக்குள் வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள். காலை வேளையில் அங்கே கூட்டம் அதிகம்.